உள்ளபடி

அந்த அச்சகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மூணு மில்லி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். புத்தகமோ, மருந்து டப்பாவோ, கடைத்தெரு நோட்டீஸோ, யார் எந்தக் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அவள் முதலில் கேட்பது, "ஓரத்துல மூணு மில்லி விட்டிருக்கீங்களா?" என்பதுதான். எவ்வளவு நல்ல மெஷினானாலும் வெட்டும் கத்தி ஒரு மயிரிழை இப்படி அப்படிப் போகத்தான் செய்யும். படத்தைப் பக்கத்தின் ஓரத்தோடு நிறுத்திவிட்டால் வெட்டிய பிறகு வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டி விட்டிருந்தால் பிழைத்தோம். இதை அவள் இருபத்து நான்கு வருஷமாகச் சொல்கிறாள். காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு. போட்டுக்கொள்ளாதவர்களுக்கு அவளே உட்கார்ந்து நீட்டி விட்டாள். அவர்களும் தங்கள் கோப்பு முதலிலிருந்தே சரியாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அவளுடைய அறை, மெஷினில் மாட்டுகிற அச்சுத் தகடான பிளேட் போடும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. நான்கு சுவரும் சாம்பல் நிறம். சுவரில் நிறம் இருந்தால் கண் அதைப் பார்த்துவிட்டுத் திரையில் இருக்கிற நிறத்தைத் தப்பாகக் கணிக்கும் என்று அவளே முதலாளியிடம் சண்டை போட்டு அடிக்க வைத்தாள். வெளியே எந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு வந்தாலும் உள்ளே நுழைந்ததும் மேலே ஒரு சாம்பல் கோட்டு. சிவப்புச் சட்டையோடு யாராவது வந்து திரைக்கு எதிரே நின்றால், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிடுவாள். பைத்தியம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். பைத்தியம் இல்லாதவர்கள் பார்த்த கோப்புகள் வேறு அச்சகங்களில் எப்படி வந்தன என்பதை அவர்களே பிற்பாடு வந்து புலம்பினார்கள்.

வருகிற கோப்புகளைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது. போனில் எடுத்து, போனிலேயே அனுப்பி, ஐந்து பேர் கைமாறி இளைத்துப்போன படத்தைக் கொண்டுவந்து ஆளுயரத்துக்குப் போட்டுக் கொடு என்பார்கள். எழுத்துருவைச் சேர்க்காமல் அனுப்பிவிட்டு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதே என்று அவளிடமே கோபப்படுவார்கள். எல்லோருக்கும் வாயில் ஒரே பாட்டு: ஸ்க்ரீனில் நன்றாகத்தானே இருக்கிறது. அதற்கு அவள் வைத்திருந்த பதிலும் ஒன்றுதான். "ஸ்க்ரீனையா விக்கப் போறீங்க?"

எதற்கும் மசியாதவர்களுக்காக முதலாளி ஒரு மஞ்சள் சீட்டு அச்சடித்து வைத்திருந்தார். கோப்பை உள்ளபடியே அச்சிடச் சம்மதம், வரும் குறைகளுக்கு நானே பொறுப்பு என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் அச்சகம் கை கழுவிவிடலாம். அச்சகத்தில் எல்லோரும் அதை 'உள்ளபடி' என்றே சொல்வார்கள். அவளுக்கு அந்தச் சீட்டைக் கண்டாலே ஆகாது. கையெழுத்து வாங்கிய பிறகும் மனசு கேட்காமல், யாருக்கும் தெரியாமல் கோப்பைச் சரிசெய்துதான் அனுப்புவாள். உள்ளபடி என்று போன கோப்பு எதுவும் உண்மையில் உள்ளபடி போனதே கிடையாது.

இனி அண்ணன். அண்ணன் அவளைவிட நான்கு வயது மூத்தவன். படம் வரைகிறவன், அதுவும் பெயர் பெற்றவன். காகிதத்தையும் தூரிகையையும் விட்டுவிட்டு, கணினியோடு இணைத்த கண்ணாடிப் பலகைமேல் பேனாவால் வரையும் முறைக்கு எல்லோருக்கும் முன்னால் தாவினான். அவனுடைய முதல் புத்தகம் வேறு ஓர் அச்சகத்தில் ஏறியது. திரையில் தகதகவென்று இருந்த கடல், காகிதத்தில் செத்துப்போய் வந்திருந்தது. மூன்று நாள் அறையைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. அண்ணி போன் செய்து அழுதாள். தங்கை போய்க் கோப்பை வாங்கிக்கொண்டு வந்தாள்.

திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, காகிதத்துக்கு வெளிச்சம் கிடையாது, இருப்பது நான்கு மைதான். திரையில் இருக்கிற நிறத்தைப் பாதிக்குமேல் அந்த நான்கு மையால் தொடவே முடியாது. தொட முடியாததை எப்படித் தொட்டதுபோலக் காட்டுவது என்பதுதான் அவள் தொழில். ஆறு வாரம், வேறு வேலைக்கு ஓடுகிற தாளின் ஓரத்து வெட்டுத் துண்டில் விரல் அகல நீலங்களை ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் இருக்கும் மணலை ஒரு பங்கு மங்கச் செய்தால் கடல் தானே ஒளிரும் என்று கண்டுபிடித்தாள். இரண்டாம் பதிப்பு அவள் கையால் போனது. பார்த்தவர்கள் அண்ணனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 'அவருடைய நீலம்' என்று எழுதினார்கள். அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பேட்டியில் கேட்டதற்கு, எனக்குள்ளே இருந்து வருகிறது என்றான் அண்ணன். சயான் நூறு, மெஜந்தா ஐம்பத்தெட்டு, கறுப்பு பன்னிரண்டு என்ற மைக் கணக்கு அவனுக்குள்ளே இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. பேட்டியை வெட்டிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அப்படிப் பதினொரு புத்தகம். ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது. முதலில் அது அவளுக்கு உறைக்கவே இல்லை. அண்ணன் வேறு, நான் வேறா என்று இருந்தாள். ஒருநாள் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த யாரோ ஒருவர், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவளைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பதில் சொல்லிவிட்டான்: "பிரஸ்ல இருக்கா. நம்ம ஃபைல் எல்லாம் மெஷினுக்கு அனுப்புவா." தபால்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். அது முள்ளாக ஏறிக்கொண்டது. அவள் கணவன் மருந்துக்கடையில் நிற்கிறவன், அதிகம் பேசமாட்டான். அவனே ஒருநாள், நான் கட்டிக் கொடுக்கிற மாத்திரைப் பொட்டலத்தில்கூட என் கையெழுத்து இருக்கிறது, உன்னுடையது எங்கே என்று கேட்டான்.

அதிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை. அச்சில் ஒரு தடவை தன் பெயர் வர வேண்டும். ஊரான் பெயரையெல்லாம் ஆயிரக்கணக்கில் ஓரம் பார்த்து, மை பார்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறவளின் பெயர், அண்ணன் புத்தகத்தில், அண்ணன் கையாலேயே போடப்பட்டு வர வேண்டும். வேறு எங்கு வந்தாலும் அவளுக்கு வேண்டாம்.

பன்னிரண்டாவது புத்தகம் அண்ணனின் முப்பது வருஷப் படங்களின் தொகுப்பு. தொண்ணூற்றாறு பக்கம். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம், ஆக ஆறு ஃபாரம். பக்கங்களை அண்ணனே அடுக்கினான், தொகுப்பு என்பதால் யாரையும் தொடவிடவில்லை. இந்தத் தடவை அவள் கேட்டேவிட்டாள். ஐம்பதை நெருங்குகிற வயதில் கூடப்பிறந்தவனிடம் ஒரு வரி கேட்பதற்கு இத்தனை வெட்கமா என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் கேட்டாள். ஒரு வரி போதும், சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும் என்றாள். இதைக் கேட்க வேண்டுமா, கட்டாயம் போடுகிறேன் என்றான் அண்ணன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, தன் திரையில் காட்டவும் செய்தான். புத்தக விவரமெல்லாம் இருக்கிற நான்காம் பக்கம். கீழே ஒரு வரி: 'வண்ணத் திருத்தம், அச்சுக் கோப்பு' என்று போட்டு, எதிரே அவள் பெயர். அவளால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை. ஜன்னலோரத்துச் செடியைப் பார்த்துக்கொண்டு, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்றாள். இருக்கட்டும் என்று அண்ணன் சிரித்தான். வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். மறுநாள் மெஷின் ஓட்டுகிற மாஸ்டரிடம் சொன்னாள். மாஸ்டரிடம் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. மத்தியானத்துக்குள் பைண்டிங் பெண்கள் வரைக்கும் தெரிந்து, எப்போது தாள் வரும், நாங்கள் பார்க்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கோப்பு வந்தது. எந்தக் கோப்பு வந்தாலும் அவள் பார்க்க வேண்டியவை முப்பத்தொன்று, சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படித்தான் ஒவ்வொரு பக்கத்தையும் பார்ப்பாள். இந்தத் தடவை ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் கண் நிற்க மறுத்தது. நான்காம் பக்கத்தைத் திறந்ததும் கீழே தன் பெயர். யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல முகம் சுட்டது. தன் பெயரைத் தானே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அச்சுக்காக மாற்றிய கோப்பிலும் அந்தப் பக்கத்தை அவள் திறந்து பார்க்கவில்லை. இருபத்து நான்கு வருஷத்தில் அவள் பார்க்காமல் பிளேட்டுக்கு அனுப்பிய ஒரே பக்கம் அது.

முதல் ஃபாரம் காலை பத்து மணிக்கு மெஷின் ஏறியது. மாஸ்டர் ஈரம் காயாத தாளைக் கொண்டுவந்து விளக்கு மேஜைமேல் விரித்தார். பைண்டிங் பெண்கள் இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான்காம் பக்கத்தைத் தேடிப்பிடித்த மாஸ்டர், கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தினார்.

"எங்கம்மா உன் பேரு?"

அவள் குனிந்து பார்த்தாள். படங்கள், வடிவமைப்பு, அண்ணன் பெயர். காகிதத்தின் எடை. அச்சகத்தின் பெயர். அண்ணிக்கு நன்றி. பழைய நண்பர்கள் நான்கு பேருக்கு நன்றி. வீட்டுப் பூனைக்குக்கூட நன்றி இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி உயரத்துக்கு வெறும் காகிதம்.

வாய் முந்திக்கொண்டது. என் தப்புதான் மாஸ்டர், மாற்றும்போது எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்றாள். அண்ணன்மேல் ஒரு சொட்டுப் பழி விழுந்துவிடக் கூடாது என்று அவ்வளவு அவசரம். மூணு மில்லி கவனிக்காமல் விட்டது என்பதை நம்ப மாஸ்டருக்கு மனம் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பைண்டிங் பெண்கள் வந்த சுவடு தெரியாமல் போனார்கள்.

பதினொரு மணிக்கு அண்ணன் வந்தான். முதல் தாளைப் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போடுவது வழக்கம். மாஸ்டர் தாளை மடித்து, வெட்டி, புத்தகமாக்கிக் கொடுத்தார். புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு படத்தில் நின்றான். கடைசி நாளில் அவனாகவே மாற்றி வைத்து, இதில் எதையும் நகர்த்தாதே என்று அவளிடமும் சொல்லியிருந்த படம் அது. மூலையில் போட்டிருந்த அவன் கையெழுத்தின் கடைசி எழுத்து ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கையெழுத்து இல்லாத படம் யாரோடதுன்னு பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றான். ஓரத்தில் ஒட்டி வைத்தால் போய்விடும் என்று அவள் எத்தனையோ தடவை சொன்னதுதான். அதை இப்போது சொல்லவில்லை. முதலாளி வந்தார், பேசினார்கள், அந்த ஃபாரத்தின் பிளேட்டுகளைப் புதிதாகப் போடுவது என்று முடிவானது. அண்ணன் முதலாளி அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதி. நான்காம் பக்கமும் அதே ஃபாரத்தில்தான் இருக்கிறது. எப்படியும் பிளேட் மாறப்போகிறது, கூடவே தன் வரியையும் சேர்த்துவிடலாம், யாருக்கும் தனிச் சிரமம் இல்லை. அண்ணன் கையெழுத்து வெட்டுப்பட்டதற்காக மனசுக்குள் சந்தோஷப்படுவது பாவம் என்று தோன்றியது. ஆனாலும் சந்தோஷப்பட்டாள்.

கோப்பைத் திறந்தாள். பெயர் திரையில் இருந்தது, பளிச்சென்று. அப்புறம் ஏன் தாளில் வரவில்லை? லேயர்களைத் திறந்து பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் அடுக்கிய மாதிரி, ஒரு பக்கத்தில் எத்தனை லேயர் வேண்டுமானாலும் வைக்கலாம். ஏதாவது ஒரு லேயரை மட்டும், திரையில் தெரி, அச்சில் வராதே என்று சொல்லி வைக்கவும் முடியும். மாஸ்டருக்குக் குறிப்பு எழுத அவளே அதைத் தினம் பயன்படுத்துகிறவள். நான்காம் பக்கத்தில் எல்லா வரிகளும் ஒரே லேயரில் இருந்தன. அவள் பெயர் இருந்த வரி மட்டும் தனி லேயரில். அந்த லேயருக்குப் பெயர்கூட வைத்திருந்தது: 'தங்கச்சி'. அச்சில் வரும் என்பதற்கு எதிரே இருக்க வேண்டிய டிக் எடுக்கப்பட்டிருந்தது.

கை தவறியிருக்கலாம் என்று நினைக்க அவள் மிகவும் பாடுபட்டாள். கை தவறி ஒரு டிக் போகலாம். கை தவறிப் புதிதாக ஒரு லேயரை உண்டாக்கி, அதற்குப் பெயர் வைத்து, ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி அதில் ஒட்டி, அது பழைய இடத்திலேயே இருப்பதுபோலத் தெரியும்படி நிறுத்தி, கடைசியில் டிக்கையும் எடுக்க முடியாது. வேறொரு கோப்பில் தானே செய்து பார்த்தாள். ஒன்பது தடவை சொடுக்க வேண்டியிருந்தது.

அண்ணனை அறைக்குக் கூப்பிட்டாள். திரையைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். அவன் திடுக்கிடவில்லை. அவன் திடுக்கிட்டிருந்தால் அவள் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பாள்.

"நீ பாத்திருப்பேன்னுல நெனச்சேன்" என்றான்.

"எப்போ?"

"ஃபைல் குடுத்த அன்னைக்கே. நீதான் ஒண்ணு விடாம பாப்பியே. பாத்துட்டு, சரி, அண்ணன் ஏதோ காரணமாத்தான் பண்ணியிருக்கான்னு பேசாம விட்டுட்டேன்னு நெனச்சேன். பிளேட்டும் போட்டுட்டே. பெரிய மனசு உனக்குன்னு உங்க அண்ணிகிட்டகூட சொன்னேன்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக விளக்கினான். படம் வாங்குகிறவர்கள், விருது கொடுக்கிறவர்கள் எல்லோரும் இந்தப் புத்தகத்தைப் பார்க்கப் போகிறார்கள். வண்ணம் என்ற சொல்லுக்கு எதிரே வேறு ஒரு பெயர் இருந்தால் கேள்வி வரும். ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். முப்பது வருஷ உழைப்பு.

"தங்கச்சிதான் கலர் போடுறாளாம்னு ஆரம்பிச்சுடுவாங்க."

"போடுறேன்தானே அண்ணா."

"நீ ஃபைல சரி பண்றே. அது வேற, இது வேற."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. முடியாதுன்னு சொல்லியிருந்தா போயிருப்பேனே. எதுக்குத் திரையில கொண்டுவந்து காட்டினே?"

"நீ கேட்டு நின்ன முகத்தைப் பாத்து எப்படி முடியாதுன்னு சொல்றது? எனக்கு மட்டும் மனசு இல்லையா?" என்றான். அதை உண்மையாகவே சொன்னான் என்பதுதான் கொடுமை.

ஒரு டிக் போட்டால் பெயர் வந்துவிடும். புத்தகம் கட்டி முடிகிற வரைக்கும் அண்ணனுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. அவள் கை சுட்டியின்மேல் இருந்தது. ஆனால் அவள் ஆசைப்பட்டது அண்ணன் போட்டுக் கொடுக்கிற பெயருக்கு. தானே திருட்டுத்தனமாகச் செருகிக்கொள்கிற பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரிடம் காட்டுவது? அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து நீக்கச் சொன்னாள். இதில் எழுத்து இருக்கிறது, நிச்சயமாக நீக்கவா என்று கணினி கேட்டது. அண்ணன் கேட்காததை அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். அப்புறம் அண்ணன் கையெழுத்தை எட்டு மில்லி உள்ளே நகர்த்தினாள், கோணாமல், பார்க்க நன்றாக இருக்கும்படி. புது பிளேட்டுக்கு அனுப்பினாள்.

மத்தியானம் திருத்திய தாள் வந்ததும் அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துத் தன் கையெழுத்தை முழுதாகப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டான். அவள் அதன் அடியில் மஞ்சள் சீட்டு ஒன்றையும் வைத்தாள்.

"இது என்ன?"

"கடைசி ஃபாரத்துக்கு. அது மட்டும் நீ குடுத்தபடியே போகுது."

"எப்பவும் போலதானே?"

"நீ குடுத்தபடியே, அண்ணா."

அவன் படிக்கவில்லை. போட்டுவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனான். அவள் ஏமாற்றவில்லை. இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னாள்.

முதல் ஐந்து ஃபாரமும் அவள் எப்போதோ முடித்துக் கொடுத்தவை. ஆறாவது ஃபாரம்தான் பாக்கி. அண்ணன் இந்த இரண்டு வருஷத்தில் வரைந்த படங்கள், மழைக்கு முந்தின கடல் மட்டும் பதினாறு பக்கம். நான்கு மையில் அடங்கவே அடங்காத நிறங்கள் என்பதால் கடைசிக்கு வைத்துக்கொண்டு பதினொரு நாளாக மாரடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு படம் முடிந்திருந்தது. அந்தப் பன்னிரண்டையும் எடுத்துத் தனியே வைத்தாள். அண்ணன் கொடுத்த கோப்பைக் கொடுத்தபடியே உள்ளே தள்ளினாள். பதினொரு நாள் வேலையைக் கணினி நான்கு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தது.

மறுநாள் காலை மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். கடல் ஊதாவாக வருகிறது, கறுப்பெல்லாம் கலங்கிச் சேறாக நிற்கிறது, மெஜந்தாவைக் குறைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அவள் மஞ்சள் சீட்டை எடுத்துக் காட்டினாள். "கை வைக்காதீங்க மாஸ்டர். உள்ளபடி போகட்டும்" என்றாள். அவர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவளிடமிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. சரிம்மா என்று போய்விட்டார். மெஷின் திரும்ப ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் சாம்பல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசு ஆறவில்லை.

அண்ணன் போன் செய்வான் என்று காத்திருந்தாள். கத்தட்டும், வந்து சட்டையைப் பிடிக்கிற மாதிரி நின்று கேட்கட்டும், என்ன செய்து வைத்திருக்கிறாய் என் கடலை என்று. அப்போது ஒன்றே ஒன்று சொல்லலாம் என்று வைத்திருந்தாள்: நான் ஒன்றும் செய்யவில்லை அண்ணா, அதுதான் விஷயம். குளிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போன் வரவில்லை. புத்தகம் கட்டி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போதும் வரவில்லை. அண்ணிதான் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை வெளியீடு, கொஞ்சம் முன்னாடியே வந்து நாற்காலி போட உதவி செய் என்றாள்.

போகாதே என்றான் கணவன். அவள் போனாள். பார்க்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது. அவன் முகத்தை அல்ல, அந்தப் பதினாறு பக்கத்தை ஜனங்கள் புரட்டும்போது அவர்கள் முகத்தை.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு வந்தார். அவள் வேலை செய்த ஐந்து ஃபாரமும் போயின. ஆறாவது வந்தது. நாள்பட்ட காயம்போல ஊதாக் கடல், அதன்மேல் சேறாக மேகம். அவளுக்கே கண் கூசியது. பக்கத்தில் இருந்தவர் அதே வேகத்தில் புரட்டிவிட்டு அட்டையை மூடினார். மேடையில் பேசிய விமர்சகர் அந்தப் பக்கங்களைத்தான் விரித்துத் தூக்கிப் பிடித்தார். இத்தனை காலம் நம்மை மயக்கிய நீலத்தை இந்த வயதில் துணிந்து உதறியிருக்கிறார், இனி அழகு வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எல்லோருக்கும் வராது என்றார். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரமானது. அண்ணன் எழுந்து, அந்த ஊதா எனக்குள்ளே ரொம்ப நாளாக இருந்தது என்றான்.

அவள் கைதட்டவில்லை. அவளைப் பார்த்தவர்களும் இல்லை. வேலையே செய்யாமல் விட்டாலும் அது இல்லாதது யாருக்கும் தெரியாது என்றால், இருபத்து நான்கு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்து அவள் எதைத்தான் சரிசெய்தாள்? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் கலைகிறபோது அண்ணன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. பழைய சங்கடம் எதுவும் அவனுக்கு நினைவில் இருப்பதாகவே தெரியவில்லை. தோளைத் தொட்டான்.

"கடைசி ஃபாரம்தான் இருக்கிறதுலயே நல்லா வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுல என்னவோ புதுசா பண்ணியிருக்கே. அடுத்த புத்தகத்தையும் அப்படியே பண்ணிடு."

சரி அண்ணா என்றாள். அண்ணி நாற்காலிகளை அடுக்கச் சொல்லிக் கூப்பிட்டாள், போய் அடுக்கினாள்.